ஃபோல்டர்தான் என்று நின்ற சுமதி

சின்னசேலத்தில் என் கேம் கடையில் உட்கார்ந்து, ரிப்பேருக்கு வந்த, டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி ஒன்றின் உள்ளே அடைந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கலைவாணியிடமிருந்து போன் வந்தது. கள்ளக்குறிச்சியில் கேம் கடை நடத்திவந்த சுமதியின் தங்கை அவள். "அண்ணா, அக்கா பூட்டாங்க" என்றாள். கடை திறக்கக் கிளம்பிய சுமதிக்கு வாசலிலேயே நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கழற்றிய திருகாணிகளைக்கூட எடுத்துவைக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

சாவு வீட்டில் அவளுடைய உறவுக்காரர் ஒருவர், "கேமு கேமுன்னு கெடந்து இன்னாத்தக் கண்டா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கடைய வச்சித்தான் தங்கச்சியப் படிக்க வச்சா. அதக் கண்டா" என்றேன். அந்த இடத்தில் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது என்று பிறகு பலர் சொன்னார்கள். இன்னொரு முறை அவர் அப்படிச் சொன்னாலும் உயர்த்துவேன்.

நம் மாவட்டத்துக் கேம் கடைக்காரர்கள் குழுவில் நீங்கள் எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பினீர்கள். நன்றி. ஆனால் அதற்கு அடுத்த செய்தியே, "சுமதி அக்கா ஹார்டு டிஸ்க் விலைக்கு வருமா?" என்று வந்தது. யார் கேட்டது என்று எழுதப் போவதில்லை. அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுமதியை எனக்குத் தெரிய வந்ததே சண்டையில்தான். கடை ஆரம்பித்த புதிதில், தன் கேம் பெட்டியில் கம்பெனிக்காரன் போட்டிருந்த மென்பொருள் பூட்டை உடைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். பூட்டை உடைத்துவிட்டால் சிடி மாதிரியான கேம் தட்டு போட வேண்டியதில்லை, ஹார்டு டிஸ்க்கிலிருந்தே கேம் ஓடும். வருகிறவர்கள் எடுத்துப் போட்டு எடுத்துப் போட்டு, அவள் வாங்கிவைத்திருந்த தட்டுகள் எல்லாம் கீறலாகிக் கிடந்தன. நானும் அவற்றை நகலெடுத்து, ஒரு கேமுக்கு ஒரு ஃபைல் என்று ஐஎஸ்ஓவாக அழகாக அடுக்கிக் கொடுத்தேன். சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தால், ஒவ்வொன்றையும் பிரித்து ஃபோல்டர் ஃபோல்டராக இறைத்துவைத்திருந்தாள். ஒரு கேமைத் திறந்தால் உள்ளே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள். என் வேலையை அவமானப்படுத்திவிட்டதாகவே நினைத்தேன்.

"இன்னாம்மா இது, கட்டிக் குடுத்த மூட்டைய அவுத்துக் கொட்டி வச்சிக்கிற?"

"மூட்டையா இருந்தா உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றாள்.

ஐஎஸ்ஓவின் சுகத்தை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே ஃபைல், ஒரே நகல், இடம் மாற்றுவதும் எளிது. ஃபோல்டரை நகலெடுக்க உட்கார்ந்தால் டீ குடித்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டும் வந்துவிடலாம். இதற்கெல்லாம் பிறகு வந்த பெட்டிகளில் பிகேஜி என்று ஒன்று இருக்கிறது. போன் செயலி மாதிரி ஏற்றிவிட்டால் முகப்பிலேயே படம் வந்து நிற்கும், தொட்டால் ஓடும். ஆனால் ஏற்றும்போது ஒரு கேமுக்கு இரண்டு மடங்கு இடம் கேட்கும். இதைப் பற்றி நாங்கள் இருவரும் குழுவில் போட்ட சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் பாதிப் பேர் அப்போது சத்தத்தை அணைத்துவைத்திருந்தீர்கள்.

ஒரு பொங்கல் சமயம் புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. யார் வழி சீக்கிரம் முடிகிறது பார்க்கலாம் என்று அவள் கடையிலேயே பந்தயம் கட்டினோம். நான் ஒரு கணினியில் ஐஎஸ்ஓ, அவள் இன்னொன்றில் ஃபோல்டர். நான் வெகுதூரம் முன்னால் போய்விட்டேன். பெரிய கேம் ஒன்று முடியப்போகும் நேரத்தில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது என் ஃபைல் எதற்கும் உதவாமல் கிடந்தது. அவளோ கடைசியாக நின்ற ஒரு சின்ன ஃபைலை மட்டும் அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"யூபிஎஸ் வாங்கி வையிம்மா" என்றேன் எரிச்சலோடு.

"நம்ம ஊரு கரண்ட நம்பி நான் கட தொறக்கலண்ணா. போனாலும் நிக்கற மாதிரி வச்சிக்கினா போதும்" என்று சிரித்தாள். அன்று நான் தோற்றேன் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். தோற்றது நானல்ல, மின்வாரியம் என்று நானும் ஊரெல்லாம் சொன்னேன்.

ஆனால் அவள் ஃபோல்டரைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு உண்மையான காரணம் கரண்ட் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து லோடு ஏற்ற இறக்க வருகிறவர்கள், வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவள் கடையில் கிரிக்கெட் கேம் ஆடுவார்கள். வெள்ளிமலைப் பக்கத்து அண்ணாமலை என்பவர் வாராவாரம் வந்து ஒரு அணியை வளர்த்துவந்தார். ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு, ஆடத்தான் கேட்கிறது என்று நினைத்து சரி என்று அமுக்கிவிட்டார். அது அழிக்கவா என்று கேட்டிருக்கிறது. அணி மொத்தமும் போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாராம். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

சுமதி அந்த ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே அந்தக் கேள்வி ஒரு படமாக இருந்தது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அதே அளவில் தமிழில் எழுதிய படத்தை வைத்தாள்: 'இத்தன நாளு ஆடனது எல்லாம் அழிஞ்சிடும். அழிக்கட்டுமா, வேணாமா?' சரியாக வரும்வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒற்றை ஃபைலாக இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். பிறகு அணித் தேர்வு, ஆட்ட வேகம் என்று ஒவ்வொன்றாகத் தமிழாக்கினாள். ஒரு கேமோடு நிற்கவும் இல்லை. மலைக்குப் போகும் ஒருவரிடம் சொல்லியனுப்பி அண்ணாமலையை வரவழைத்தாள்.

"யாருக்குண்ணா வசதி? காப்பி போடற ஒனக்கா, ஆட வர்ற ஆளுக்கா?" என்று என்னைக் கேட்டாள். கோபம் வந்தால்தான் அவள் என்னை ஒருமையில் பேசுவாள். நான் வேறு பேச்சை எடுத்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் கலைவாணி கூப்பிட்டாள் என்று போனேன். டிஸ்க்கையும் பெட்டிகளையும் வாங்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தயும் அவுத்துப் போட்டு வச்சிக்கிறாங்க. இத அழிச்சிட்டு எங்கிட்ட இருக்கறத ஏத்திக்கினா ஜாஸ்தி கேம் புடிக்கும்" என்றார்.

கலைவாணி என்னைப் பார்த்தாள். "நீங்களும் அதான சொல்வீங்க அண்ணா, ஃபோல்டரு தண்டம்னு?"

உண்மை. வருஷக்கணக்காக அதைத்தான் சொல்லிவந்தேன். அந்த ஆளும் நான் தன் கட்சி என்று நினைத்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தண்டம்தான். ஆனா விக்காத" என்றேன். "கடைய நீயே தொற. மெஷினு ரிப்பேருக்கு நான் வரேன்."

"பொம்பள ஒருத்தியா எப்படி நடத்துவன்னு கேப்பாங்கண்ணா."

"ஒங்க அக்காவையும் கேட்டாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரிடம் டிஸ்க் விற்பனைக்கு இல்லை என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்.

கடை இப்போது திறந்திருக்கிறது. அந்த டிஸ்க்குக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அதை முழுதாக நகலெடுத்து என் கடையிலும் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு பகல் முழுக்கப் போனது. "பார்த்தியா சுமதி, நான் சொன்னேனே" என்று வாய்விட்டே சொன்னேன். பதிலுக்குச் சண்டை போட ஆள் இல்லாதது தாங்க முடியாததாக இருந்தது.

என் கடையில் இனியும் ஐஎஸ்ஓதான். அதில் நான் மாற மாட்டேன், அவள் செத்துவிட்டாள் என்பதற்காக விட்டுக்கொடுத்தால் அவளுக்கே பிடிக்காது. ஆனால் அவள் எழுதிவைத்த ஒரு வார்த்தையைக்கூட யாரையும் அழிக்க விட மாட்டேன். விலை கேட்டவர்கள் இனி கலைவாணியைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நேராக என்னிடம் வாருங்கள். இல்லை என்று சொல்ல நான் இருக்கிறேன்.