யாரும் தாண்டாத எலுமிச்சம்பழம்

ராசாத்தி அக்கா போய்விட்டார்.

இப்போதுதான் அவர் மகன் போன் செய்தான். நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். நான் சீர்காழி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்... மயிலாடுதுறை பஸ்ஸைக் காணோம்.

முருகா முருகா என்று சொல்லிப் பார்க்கிறேன், மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குடவாசல் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் அடுத்த வீடு அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவர். பண்ணையார் குடும்பத்தின் மூணு மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு உழுதார். புருஷன் போன கையோடு, "பொம்பளைக்கு எதுக்குக் குத்தகை?" என்று பிடுங்கப் பார்த்தார்கள்.

குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டமெல்லாம் இருந்தது. சட்டம் சென்னையில் இருந்தது... பண்ணையின் காரியக்காரர் வரப்பில் நின்றார்.

அந்தத் தை மாசம் எங்கள் ஊருக்கு சினிமா ஷூட்டிங் வந்தது. பேராசைக்காரன் கேட்டதையெல்லாம் கொடுத்தே அவனைக் கெடுக்கிற சூனியக்காரி கதை. காமெடிப் படம்.

சூனியக்காரி வாய்க்காலிலிருந்து எழுந்து வர வேண்டும். நடிகை தண்ணீரில் அட்டையைப் பார்த்தார். வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்து, வேடிக்கை பார்த்த அக்காவைக் கூப்பிட்டார். தலையை விரித்து, முகத்தில் கரி பூசி... அக்கா தண்ணீரிலிருந்து எழுந்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், லைட் பிடித்தவர் லைட்டோடு பின்னால் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு கந்தனைக் கூப்பிட்டேன்.

ஷூட்டிங்காரர்கள் கிளம்பும்போது, காட்சிக்காக வைத்த குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தையும் வைக்கோல் பொம்மையையும் அக்காவின் வரப்பிலேயே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை, காரியக்காரர் வெளியூர் ஆட்களோடு அக்கா வயலை அறுக்க வந்துவிட்டார்.

விளைந்து நின்ற நெல். அது போனால் வருஷச் சோறும் போச்சு, நிலமும் போச்சு. அக்கா தன்னந்தனியாகக் குறுக்கே நின்றார்.

வந்தவர்கள் வரப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். சூனியம் கழித்துப் போட்டதை எங்கள் பக்கம் யாரும் தாண்ட மாட்டார்கள்.

"டேய், அது சினிமாக்காரன் போட்டதுடா!"

"அப்ப நீங்க முதல்ல தாண்டுங்கய்யா. பின்னாடியே வர்றோம்."

காரியக்காரர் காலைத் தூக்கினார்... பழத்தைப் பார்த்தார்... செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, காலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு குரலை இறக்கினார். "ராசாத்தி, ரோட்டோரமா ஒரு மனை எழுதித் தரச் சொல்றேன். மச்சு வீடே கட்டிக்க. இந்தக் குத்தகைய மட்டும் விட்டுடும்மா."

அக்காவுக்கோ ஒழுகும் கூரை, இரண்டு பிள்ளைகள்... முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஏங்க, ஊருக்கே ஆசை காட்டுற சூனியக்காரிங்க நான். எனக்கேவா காட்டுறீங்க?"

சொல்லிவிட்டு, முந்தின நாள் சிரித்த அதே சிரிப்பு.

ஆட்களில் பாதிப் பேர் ஓடி ரோட்டில்தான் போய் நின்றார்கள்; மீதிப் பேரும் காரியக்காரரும் பின்னாலேயே போனார்கள். அன்று மத்தியானமே எங்கள் தெருவே இறங்கி அறுத்து நெல்லை வீடு சேர்த்தோம்.

படம் குடவாசல் கொட்டகைக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் போனோம். அக்கா கண் இமைக்கும் நேரம்தான் வந்தார். "அய்யய்யோ, யாருடி இவ!" என்று பயந்துபோய் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அறுப்புக்கும் வரப்பில் வைக்க, நான் மாரியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவரும் எலுமிச்சம்பழத்தைக் கேட்பார்.

"சாமி பழத்த இதுக்கு வைக்கலாமாக்கா? அம்மன் கோவிச்சுக்காதா?"

"அம்மனும் நம்ம கட்சிதான்டி. குடு."

இந்த வருஷமும் வயல் விளைந்து அறுப்புக்கு நிற்கிறதாம். மகன் போனில் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதான்.

பஸ் வந்துவிட்டது... உட்கார இடமில்லை, பரவாயில்லை. பையில் கோயில் பழம் ஒன்று இருக்கிறது.

போய்ட்டு வாங்கக்கா. பழத்த நான் வச்சுடறேன். யாரும் தாண்ட மாட்டாங்க.