தாவாத தவளை

போன வாரம் எங்கள் காலேஜில் விலங்கியல் பிராக்டிகல் பரீட்சை. உள்ளூர் எக்ஸாமினர் நான். மதராஸிலிருந்து வந்திருந்தவர் யாரையும் நம்பாத ரகம். நான் கொடுத்த காபியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்!

மேஜையில் ஒரு தவளை எலும்புக்கூடு. பெயரும் காரணமும் எழுத வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்து லேபிளைக் கிழித்துவிட்டு நாங்கள் ஒட்டிய புது லேபிள், பீடத்துக்கு அடியில் இருந்தது. அதன்படி குளத்துத் தவளை. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் — அரியாங்குப்பத்து வசந்தாவைத் தவிர. அவள் எழுதியது, ‘மண் தோண்டும் தவளை’.

மதராஸ்காரர் பென்சிலால் முட்டை போட்டார். பெயிலானால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவளை மடக்கினார்.

“யாரும்மா இப்படி எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல ஸார். எலும்பைப் பாத்தேன்.”

“என்ன பாத்தே?”

“தாவுற தவளைக்குக் கால் எலும்பு நீளமா இருக்கும் ஸார். இது கட்டையா, தடியா இருக்கு. பாதத்துல உள்பக்கம் பாருங்க... மண்வெட்டி மாதிரி ஒரு எலும்பு. எங்க கொல்லையில மழை விட்டதும் இந்த மாதிரி ஒண்ணு வரும். பின்னங்காலால தோண்டிக்கிட்டே பின்பக்கமா மண்ணுக்குள்ள பூந்துடும்.”

அவளை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க முன்னாடியே ஏதாவது...?”

“சொல்லியிருந்தா லேபிள்ல இருக்கறதைத்தானே ஸார் சொல்லியிருப்பேன்?”

கோபத்தோடு அலமாரியைத் திறந்தேன். என் கையாலேயே தயார் செய்த குளத்துத் தவளை எலும்புக்கூட்டைப் பக்கத்தில் வைத்தேன். உடம்பு இரண்டும் ஒரே அளவு. கால்கள்? ஒன்று தாவி வாழ்ந்தது. மற்றது தோண்டி வாழ்ந்தது. லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. ஆனாலும் அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு முட்டையை அழித்தார்.

எங்களில் லேபிளை மாற்றி ஒட்டியது யார்? தெரியவில்லை. மற்ற விடைத்தாள்களைப் புரட்டினோம். அத்தனையிலும் ஒரே வரி — ‘நீண்ட கால்கள், தாவுவதற்கு ஏற்றவை.’ கண்ணெதிரே குட்டைக் கால்! பார்க்காமல் எழுதியவர்களை நம்பினோம். பார்த்து எழுதியவளைச் சந்தேகப்பட்டோம். ஏன், அந்தக் கூட்டைத் தினமும் தாண்டிப் போகும் நான் மட்டும் பார்த்தேனா?

கேட் அருகே வசந்தா கண் சிவக்க நின்றிருந்தாள். மார்க்கைச் சொல்லக்கூடாது. “நீ எழுதினது சரிதாம்மா. கவலைப்படாம வீட்டுக்குப் போ” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நெஜமாவா ஸார்?”

சந்தேகப்படட்டும்... நல்ல பழக்கம்தான்!