ஜிஎஸ்டி நம்பர் வாங்கித் தரப்படும்

அரசாங்கத்துக்காக ஜனங்களிடம் வரி வசூலித்துக் கட்டுகிற, பைசா சம்பளம் இல்லாத வேலையை "எனக்குக் கொடுங்க சாமி" என்று வியாபாரிகளைக் கெஞ்சவைப்பதுதான் எங்கள் தொழில். நீங்களும் எப்போதாவது அந்த ஜிஎஸ்டி ஃபாரத்தின் முன் உட்கார்ந்து கண் எரிந்தவரா? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே வார்டு நோயாளிகள்.

பியூசி, அதாவது உங்க ஊர் பிளஸ் டூ, முடித்துவிட்டேன். காலேஜ் திறக்கும்வரை மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு வரி ஆலோசகரின் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறேன். பெயர் மது. யார் குரலைக் கேட்டாலும் இரண்டே நிமிடத்தில் அது என் தொண்டையில் குடியேறிவிடும். எங்க சாருடைய குரல் ரொம்பச் சுலபம். அழுத்தினால் கீச்சிடும் ரப்பர் பொம்மை, நடுநடுவே ஒரு "நானிருக்கேன்ல?" போட்டால் முடிந்தது.

ஒரு ஆணி, ஏழு கம்பெனி

ஜிஎஸ்டி நம்பர் வேண்டுமென்றால் வியாபாரம் நடக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். கடையே இல்லாதவர்களுக்காக எங்க சார் மார்க்கெட் பின்னால் ஒரு அறை வைத்திருக்கிறார். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வாசலில் ஒரு ஆணி. பீரோவில் ஏழு பெயர்ப்பலகைகள். எந்தக் கம்பெனியைப் பார்க்க ஆபீசர் வருகிறாரோ, அந்தப் பலகையை நான் ஓடிப்போய் மாட்ட வேண்டும். "தப்பில்லம்மா, இது ஒரு அட்ஜஸ்ட்மென்ட், நானிருக்கேன்ல?" என்பார்.

ஒரு நாள் ரெடிமேட் துணிக்கடையைப் பார்க்க ஆபீசர் வந்தார். பலகை சரியாகத்தான் தொங்கியது. ஆனால் வந்தவர் போன வாரம் வந்த அதே ஆபீசர். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் வாசலைப் பார்த்துக் கன்னடத்தில் சாவதானமாகக் கேட்டார்: "போன வாரம் இங்கே அகர்பத்தி தொங்கிச்சே, வியாபாரத்தை மாத்திட்டீங்களா, இல்ல ஆணியை வாடகைக்கு விடறீங்களா?"

மாப்பிள்ளை கம்பெனி

அப்பாவும் பிள்ளையுமாக இருவர் வந்தார்கள். என்ன வியாபாரம் என்று கேட்டேன். பிள்ளை அப்பாவைப் பார்த்தான், அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அப்பா என் பக்கம் குனிந்து ரகசியக் குரலில் சொன்னார்: "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம்மா, விசிட்டிங் கார்டுல போட ஒரு நம்பர் மட்டும் வாங்கிக் குடு, வியாபாரத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் யோசிச்சுக்கலாம்."

செல்வி அக்காவின் அட்ரஸ்

இவர்களுக்கு நடுவே நிஜமான வியாபாரி ஒருத்தர் வந்தார். ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்த செல்வி அக்கா. தெருவே கார்டு மாமா என்று கூப்பிடுகிற ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று வருஷமாகத் தட்டையும் முறுக்கும் போடுகிறார். ஒரு பெரிய கம்பெனி கேன்டீன் வாரா வாரம் சரக்கு எடுக்கத் தயார். ஆனால் ஒண்ணாந்தேதிக்குள் ஜிஎஸ்டி நம்பரோடு பில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். அக்கா அந்த ஆர்டரை நம்பி இரண்டாவது அடுப்பே வாங்கிவிட்டார். நம்பருக்குத் தேவை வீட்டுக்காரர் பெயரில் உள்ள கரெண்ட் பில், அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். உடனே எங்க சார், "எதுக்கும்மா டென்ஷன், நம்ம ரூம் இருக்கு, பலகை மட்டும் கொண்டாங்க, நானிருக்கேன்ல?" என்று கீச்சிட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "அடுப்பு எங்க எரியுதோ அதுதானுங் கண்ணு என்ற அட்ரஸு, ஆணிய வெச்சு நான் தட்டை சுட முடியுமா?"

கார்டு மாமாவின் சிவப்புக் கொடி

நானே அக்காவோடு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். எதைக் கேட்டாலும் முதலில் சிவப்புக் கொடிதான். கையெழுத்துப் போட்டால் வீட்டு மீட்டரைக் கமர்ஷியல் மீட்டராக மாற்றிவிடுவார்களாம். முடியாது என்பதைக் கன்னடத்தில் "ஆகல்லம்மா, ஆகல்ல" என்று மூக்கால் சொன்னார். பின்னால் ஷெட்டில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கிறது. மாமாவின் கையில் அக்கா கொடுத்த தட்டை, அதுவும் ஏழாவது. அதைக் கடித்துக்கொண்டே வாய் கூசாமல் சொன்னார்: "என் வீட்டுல எந்த வியாபாரமும் நடக்கல, நடந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

சார் போட்ட ஃபோன்

ஒண்ணாந்தேதிக்கு மூன்று வாரம்கூட இல்லை. நம் ஊரில் வாடகைக்குப் போகிறவர் பத்து மாத அட்வான்ஸை வீட்டுக்காரர் கையில் வைக்க வேண்டும், காலி செய்யும்போது அது திரும்பி வர வேண்டும். மாமா வாங்கிய அட்வான்ஸ் எப்போதோ மாடி அறைக்கு டைல்ஸாக மாறிவிட்டது. இது அந்தத் தெருவுக்கே தெரியும்.

சார் சாப்பிடப் போயிருந்தார். ஆபீஸ் ஃபோனை எடுத்தேன், ரப்பர் பொம்மையை அழுத்தினேன். "கார்டு சாரா? வணக்கம். செல்விம்மா அடுத்த தெருவுல வேற எடம் பாக்கறாங்க. ஓனர் கையெழுத்துப் போடறேன்னுட்டார். காலி பண்ணிட்டா நீங்க அட்வான்ஸை மட்டும் ஒரே தவணையா ரெடி பண்ணிடுங்க. கவலைப்படாதீங்க, நானிருக்கேன்ல?" செல்வி அக்காவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

அரை மணியில் மாமா ஆபீசில் நின்றார். கையில் கரெண்ட் பில், கையெழுத்திட்ட கடிதம், அதற்கு இரண்டு ஜெராக்ஸ். "நீங்க ஃபோன்ல சொன்னதும் ஓடி வந்தேன் சார்" என்றார். அப்போதுதான் ஏப்பம் விட்டபடி நுழைந்த எங்க சாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உண்டென்று ஒப்புக்கொண்டால் அவர் சாரே இல்லையே. நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நாற்காலியில் சாய்ந்து சொன்னார்: "பாத்தியா மது, நான் ஒரு ஃபோன் போட்டா மைசூரே கையெழுத்துப் போடும்!"

ஓனர் எங்கே?

ஷெட்டைப் பார்க்க அதே ஆபீசர் வந்தார். அக்கா பயத்தில் இரண்டு அடுப்பையும் ஏற்றிவைத்திருந்தார். ஆபீசர் மாவுச் சல்லடையைப் பார்த்தார், எண்ணெய் டின்னைப் பார்த்தார், பலகையோடு சேர்த்து அக்காவை ஃபோட்டோ எடுத்தார். அக்கா ஒரு தட்டையை எடுத்து நீட்டியபோது வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டார். இந்தத் துறையில் நான் மிமிக்ரி செய்ய மனம் வராத ஒரே ஆள் அவர்தான்.

ஃபோட்டோவின் ஓரத்தில் கார்டு மாமா முண்டியடித்துக்கொண்டு நின்றார். "இந்த இடத்து ஓனர் யாரு?" என்று ஆபீசர் கேட்டதுதான் தாமதம், மாமாவின் கண்ணுக்குள் கமர்ஷியல் மீட்டர் சுழன்றிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த பொட்டலம் ஒன்றைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டார்: "ஓனரா? இப்பத்தான் வெளியூர் கிளம்பிப் போனாரு சார், நான் சும்மா தட்டை வாங்க வந்தவன்."

மாமாவின் வசூல்

ஒண்ணாந்தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நம்பர் வந்தது. அக்கா முதல் பில்லை என் எதிரிலேயே எழுதினார். கேன்டீன் வண்டி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. அந்தத் தூசி அடங்குவதற்குள் கார்டு மாமா வந்துவிட்டார். இனிமேல் வாடகைக்கு மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துத் தர வேண்டுமாம். "நீ இப்ப ஜிஎஸ்டி ஆளும்மா, எங்கிட்ட மட்டும் ஜிஎஸ்டி இல்லாம எப்படி?" மாமாவுக்கு நம்பர் கிடையாது. எந்த வரியையும் எங்கும் கட்டுகிற உத்தேசமும் கிடையாது.

எனக்கு நாக்கு அரித்தது. ஆனால் அன்று எந்தக் குரலும் தேவைப்படவில்லை. அக்கா ஜல்லிக் கரண்டியை எண்ணெயிலிருந்து எடுத்து, சொட்டச் சொட்டப் பிடித்தபடி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "குடுத்துப்போடலாமுங்க கார்டு சார், மொதல்ல நீங்களும் ஒரு நம்பர் வாங்கிப்போடுங்க, ஆனா ஆபீசர் வர்ற அன்னிக்காச்சும் ஓனர் ஊர்ல இருக்கோணுமுங்க."

இத்தனை நாள் வேலையில் நான் கண்டது இவ்வளவுதான்: முறையாக வரி வசூலிக்க நம்பர் கேட்கிறவர் அடுப்பு வரைக்கும் ஃபோட்டோ கொடுக்க வேண்டும், நம்பரே இல்லாமல் வசூலிக்கக் கிளம்புகிறவருக்கு வாய் ஒன்றே போதும்.