கேட்டைக் காத்த மீசை

கிராபிக் டிசைன் படிக்கக் காரைக்குடியில் சேர்ந்தேன். முதல் வருடம் பவுண்டேஷனாம். கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. பென்சிலும் பேப்பரும் கொடுத்து, கேட் வாட்ச்மேனை உட்காரவைத்து, இருப்பதை இருக்கிறபடி வரையச் சொன்னார்கள்.

ஒல்லியான மனிதர். மூக்குக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் ஒரு மீசை. ஸ்டூலில் உட்கார்ந்தால் மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம் வரும். மணி அடித்ததும் எழுந்து, ஒவ்வொரு படத்திலும் மீசையை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்.

என் படத்தின் முன்னால் நின்றார்.

"என்னத்தா, மீசையில இம்புட்டுக் கஞ்சத்தனம்?"

"உள்ளதத்தானண்ணே வரைஞ்சேன்."

"சரித்தா. நாளைக்கு லேட்டா வருவேல்ல, அப்பப் பாப்போம்."

குன்றக்குடி பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? மறுநாள் அதே பஸ்ஸில் வந்தவர்களெல்லாம் உள்ளே போக, நான் மட்டும் வெளியே நின்றேன். அவர்கள் வரைந்த மீசைகள் காதைத் தொட்டிருந்தன. ஆனாலும் வருடம் முழுக்க என் பென்சில் ஒரு முடியைக்கூட கூட்டவில்லை. நேர்மையாம்!

பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதம் லீவு. பிறகு மார்க் போட வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். சுவரில் படங்களை மாட்டி, ஒப்பிட்டுப் பார்க்க வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

வந்தார். மீசை காதைத் தொட்டிருந்தது.

எங்கள் சார் வாயைப் பிளந்தார். வகுப்பிலேயே கண்ணால் பார்த்து வரையத் தெரியாதவள் நான் ஒருத்திதான் என்று எக்ஸ்டர்னல் என்னைப் பெயிலாக்கிவிட்டுப் போனார்.

வாட்ச்மேன் பழிவாங்கினாரா, படங்களை நம்பி மீசையை வளர்த்துவிட்டாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அன்றைக்குக் கேட்டை அகலத் திறந்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"அப்பவே சொன்னேன்லத்தா!"