மேற்குச் சாளரத்துச் சாய்பலகைகள்

பாகப்பிரிவினையில் மேற்கு அறை எங்களுக்கு வந்த நாளிலிருந்து பெரியப்பா என் தந்தையுடன் பேசுவதில்லை. அத்தகையவர், அம்மா படுத்திருந்த அந்த அறையின் சாளரத்துக்கு வெளியே தாமாகவே ஒரு மரச்சட்டத்தைக் கொண்டுவந்து மாட்டியபோது, பத்து வயதினனாகிய நான் அதில் சூது இருப்பதாக உறுதிகொண்டேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசியில் எங்கள் மேற்குச் சாளரம் மூடப்படும். திறந்தால் படுக்கை நனையும். மூடினால் புழுக்கத்தில் அம்மாவுக்கு மூச்சிளைப்பு மிகும். இம்முறையும் இளைப்பு வந்தால், சாரல் ஓயும்வரை கடையத்துப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அறை காலியானால் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா காத்திருப்பது அதற்கே என்று நான் கருதினேன்.

சட்டத்தின் பலகைகள் இடைவெளி விட்டு, வெளிப்புறம் தாழ்ந்து சாய்ந்திருந்தன. உள்ளிருந்து நோக்கினால் வானம் மறைந்து, இரு வீட்டுக்கும் இடையிலிருந்த குட்டைச் சுவர் மட்டுமே தெரிந்தது. மறுநாள் அச்சுவருக்குப் பெரியப்பா வெள்ளையடித்தார். அதுவும் எங்கள் பக்கத்துக்கு மட்டும். பொங்கலும் இல்லை, வீட்டில் திருமணமும் இல்லை. என் ஐயம் முற்றியது.

"என்னலே, போலீஸ்காரன் மாதிரி முறைச்சிப் பாக்க?" என்றார்.

"வெளிச்சத்தை அடைச்சிட்டியள்லா?"

"அடைச்சிட்டேனா? போயி ஒங்கம்மைட்ட கேளுலே."

நான் கேட்கவில்லை. துப்பறிபவன் யாரிடமும் கேட்பதில்லை.

அன்று பிற்பகல் அம்மா உறங்கும் வேளையில், வெளியே கல்லொன்றின்மேல் ஏறிச் சட்டத்தைக் கொக்கிகளிலிருந்து கழற்றித் தலைகீழாக மாட்டினேன். உள்ளே வந்து பார்த்தால், வானம் தெரிந்தது! என் திறமையை நானே மெச்சிக்கொண்டிருக்கையில் சாரல் வந்தது. ஒவ்வொரு பலகையும் ஓடையாகி நீரைப் படுக்கையின்மேல் வார்த்தது. தலையணை நனைந்து, அம்மா இருமலில் எழுந்தமர்ந்து மூச்சுக்குத் திணறினாள். ஓடிவந்த அப்பா, "நாளைக்கே கடையத்துக்குப் போயிருவோம்" என்று பெட்டியை எடுத்துவிட்டார்.

பெரியப்பா சுவரைத் தாண்டி நனைந்தபடி வந்தார். சட்டத்தைப் பார்த்தார், சேறு படிந்த என் கால்களைப் பார்த்தார். சட்டத்தைத் திருப்பி மாட்டிவிட்டு, நெடுநாளைக்குப் பின் அப்பாவிடம் வாய் திறந்தார்.

"நாந்தாம்லே தலைகீழா மாட்டிட்டேன். இனி தண்ணி வராது, காத்து மட்டுந்தான் வரும். அவள எங்கயும் அனுப்பாத."

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். மாட்டியவன் நானே என்பதை வசதியாக மறந்து, குற்றவாளியே குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எனக்கு நிறைவாயிருந்தது.

மறுநாள் சாரலிலும் சாளரம் திறந்தே கிடந்தது. பலகைகளின் இடையே ஈரமில்லாத காற்று வீச, அம்மா இளைப்பின்றி உறங்கினாள். அறையின் கூரையில் மட்டும் மெல்லிய வெள்ளொளி ஒன்று பரவியிருந்தது. வானமே தெரியாத அறைக்குள் அது எவ்வழியே வந்ததென்று நான் நெடுநேரம் அண்ணாந்து பார்த்திருந்தேன். எதிரே வெள்ளையடித்த சுவரை நோக்கவில்லை.