வரிச் சட்டத்துக்குப் பின்னால் ஓர் இருவாட்சி

பேரங்காடி வாசலில் நிற்கும் திருட்டைக் காட்டிக்கொடுக்கும் கம்பம் ‘பீப்’ என்று கத்தினால், யார் பையில் என்ன என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு ஒரு நீலப் பை ஞாபகம் வரும்.

போன வருடம் சனிக்கிழமைகளில், ஜார்ஜ்டவுன் நூலகம் ஒன்றில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகவல் தேட உதவிக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இருவாட்சிப் பறவையைப் பற்றிக் கையால் எழுதிக் கொடுக்கவேண்டும். தமிழில் இருந்ததோ ஒரே புத்தகம். வீட்டுக்குத் தரமாட்டார்கள். கணினியைக் கேட்டால் ‘உள்ளது’ என்றது. அலமாரியில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை.

“அவ பேக்ல இருக்கும் லா டீச்சர்,” என்றான் ஒருவன், நீலப் பையோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் காட்டி. “டாய்லெட்டுக்குக்கூட தூக்கிட்டுப் போறா.”

அவள் கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாக்காரி. அம்மாவுக்கு இக்கரையில், எங்கள் தீவில் கடை வேலை. வேலை முடியும்வரை மகள் நூலகத்தில். நான் பக்கத்தில் போனால் எழுதுவதை முழங்கையால் மறைப்பாள். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டேன். பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் தன்னையே வைத்துப் பூசி அடைத்துக்கொள்ளும் என்று வரி வரியாக எழுதியிருந்தாள். புத்தகமே இல்லாமல் எங்கிருந்து?

பையைத் திற என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அவள் எழுந்து போனதும் பின்னாலேயே போனேன். வரிச் சட்டப் பிரிவு. பெரியவர்களும் தொடாத தடித்த மலாய்ப் புத்தகங்கள். அவற்றின் பின்னால் கையை விட்டாள். அட்டையில் மஞ்சள் அலகோடு இருவாட்சிப் புத்தகம் வெளியே வந்தது.

என்னைப் பார்த்ததும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“திருடல டீச்சர். இங்கதானே வச்சிருக்கேன்.”

மற்றவர்கள் போனில் படம் பிடித்துவிட்டு எங்காவது போட்டுவிடுவார்களாம். அவளிடம் போன் இல்லை. பார்த்து எழுத சனிக்கிழமை மட்டும்தான். புத்தகத்தைத் தேடியே அது கழிந்துவிடுமாம். இன்னும் பாதி பாக்கி, கொடுக்கவேண்டியது அடுத்த வாரத்துக்கு மறுவாரம்.

ஒரு ஏற்பாடு சொன்னேன். மற்றவர்கள் இப்போதே படம் எடுத்துக்கொள்ளட்டும், பிறகு புத்தகம் அவளுக்கு. சம்மதித்தாள். ஆனால் மேசையை விட்டு நகரவில்லை. கைக்குத் திரும்பியதும் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

கவுண்டரில் எடுத்துவைக்கச் சொல்லட்டுமா என்றேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார்களாம். சரி, பழைய இடத்திலேயே வை, யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். நான் அவள் பையைப் பார்த்த அதே பார்வையால் அவள் என்னைப் பார்த்தாள்.

வாசலில் அவள் அம்மா வந்து நின்றார். அவள் புத்தகத்தோடு அலமாரிகளுக்கிடையே ஓடி மறைந்து, வெறுங்கையோடு, சட்டைக் கையில் தூசியோடு வந்தாள். நூலக வாசலிலும் இருந்த அந்தக் கம்பத்தைத் தாண்டினாள். அது கத்தவில்லை. அப்புறம்தான் திரும்பினாள்.

“பழைய இடத்துல இல்ல டீச்சர். நீங்க தேடாதீங்க.”