அழகுமலை பூசிய விரிசல்

கொத்தனார் அழகுமலைக்கு வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. தான் எழுப்பிய சுவரில் விரிசல் இருப்பதை இன்னொருவன் பார்த்துவிடக் கூடாது. கிழிந்த சட்டையோடு கல்யாண வீட்டுக்குக்கூடப் போய்விடுவார். நூல் கனத்துக்கு ஒரு கீறலை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார். சிமெண்டைப் பாலாகக் கரைத்துத் தடவி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டுத்தான் கரண்டியைக் கழுவுவார். திருவாதவூரிலிருந்து கே.கே. நகர் வரைக்கும் அவர் சம்பாதித்த பேர் அப்படி வந்ததுதான். அதில் பாதி பூச்சு என்பது அவருக்கும் தெரியும். மற்ற கொத்தனார்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்களாம்?

ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே பாடம் நடத்தும் ஹம்சவேணி, டாக்டர் பட்டத்துக்காகப் பாலத்துத் தூண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிலநடுக்கம் எவ்வளவு பலமாக ஆட்டுகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. அதற்காக ஆள் உயரத்தில் ஒரு கம்பி கட்டிய கான்கிரீட் தூணை அழகுமலையிடம் வார்க்கச் சொன்னார். அழகுமலை சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முறையாகத்தான் வார்த்தார்.

"எதுக்கு மேடம் இந்த ஒத்தத் தூணு?"

"ஆட்டி உடைக்கிறதுக்குண்ணே."

படித்தவர்கள் கேலி பண்ணுவது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கேலி இல்லை. ஆய்வுக்கூடத்து ஜாக்கி இயந்திரம் முதல் தடவை தூணைப் பலமாக, ஆனால் கொஞ்ச நேரமே அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளியது. தூண் நின்றது. மெல்லிய கீறல்கள் மட்டும் விழுந்தன. நினைத்தபடியே நடந்ததில் ஹம்சவேணிக்குச் சந்தோஷம், ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்துக்கொண்டார். அழகுமலைக்கோ சேதி டீக்கடையில் வேறு மாதிரி வந்தது.

"மாப்ள, காலேஜுல ஒன் தூணு வெடிச்சிருச்சாம்ல?" என்றான் முத்திருளன். அவனும் கொத்தனார்தான், டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

அழகுமலைக்கு டீ இறங்கவில்லை. மறுநாள் கல்லூரி விடுமுறை. வாட்ச்மேனிடம் சொல்லி ஆய்வுக்கூடத்தைத் திறந்து, கீறல் ஒன்று விடாமல் பூசி, வெள்ளையடித்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த நாள் ஹம்சவேணி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போடவில்லை.

"யாருண்ணே இதைப் பூசுனது?"

"நாந்தான் மேடம். கீறிக் கெடந்துச்சு, பாக்க நல்லால்ல."

"அந்தக் கீறல்தாண்ணே என் படிப்பு." பூசிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இப்ப அதே பலத்துல ரொம்ப நேரம் ஆட்டப்போறேன். பழைய கீறல் எப்படி வளருதுன்னு பார்க்கணும். இனிமே வெடிச்சா, வெடிச்சது தூணா, உங்க பூச்சா? இன்னொரு தூண் வார்க்க எனக்கு வழியில்லண்ணே."

அழகுமலை கம்பி பிரஷை எடுத்துவந்து தேய்க்க ஆரம்பித்தார். மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு கீறலாக வெளியே வர வர, நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவர் மாதிரி கூனிப்போனார். ஹம்சவேணி பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, தூண் தப்பித்தது என்று தலையசைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஜாக்கி மறுபடி ஓடியது. முதலில் தூண் அசராமல் நின்றது. 'அம்புட்டுத்தானா' என்று அழகுமலைக்கு உள்ளூர ஒரு மிதப்புகூட வந்தது. ஆனால் ஜாக்கி நிற்கவில்லை. முன்னைவிடப் பலமாகவும் தள்ளவில்லை. அதே தள்ளல், மறுபடி, மறுபடி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தூணின் அடியில் கம்பியை மூடியிருந்த கான்கிரீட் உதிர்ந்தது. கம்பி வெளியே தெரிந்து, மெல்லப் பிதுங்கியது. பெற்ற பிள்ளையை அடிப்பதைப் பார்ப்பவர் போல அழகுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடுநடுவே ஜாக்கியை நிறுத்துவார்கள். ஹம்சவேணியும் மாணவர்களும் புதிய கீறல்கள் மேல் சிவப்புப் பேனாவால் கோடு இழுப்பார்கள். பார்க்கப் பொறுக்காமல் அழகுமலை தூணின் பின்பக்கம், சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

அங்கே கோடு படாத கீறல் ஒன்று இருந்தது. முழங்கால் உயரத்தில், சாய்வாக, நகம் நுழையும் அகலத்தில். யாரும் பார்க்கவில்லை. அவர் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அதைத் தடவி மூடப் பார்த்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. முன்பக்கம் பேனாக்களை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்," என்றார். "அந்தப் பேனாவ இங்கிட்டுக் குடுங்க. பின்னால ஒண்ணு விட்டுப்போச்சு."

ஹம்சவேணி எட்டிப் பார்த்து, பேனாவைக் கொடுத்தார். இத்தனை வருஷம் கரண்டி பிடித்த கை பேனாவைப் பிடித்தது. கீறல் தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரைக்கும், கொஞ்சமும் விட்டுவிடாமல் அழகுமலை கோடு இழுத்தார். பிறகு விலகி நின்றார்.

"ஆட்டுங்க மேடம்," என்றார்.